பொக்லைன் தூக்கினால் ஒரு வாய் சோறு

“சார், கிண்ணத்துல இன்னும் எவ்ளோ சார் இருக்குது?”

கேட்டவர் பொக்லைன் ஓட்டுநர். சாக்கடைக் குழாய் பதிப்பதற்காக எங்கள் தெருமுனையைத் தோண்டிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்றிருந்தேன். இடது கையில் எவர்சில்வர் கிண்ணம். வலது கையில் தயிர்சாத உருண்டை. ஸ்டாண்டு போட்ட ஸ்கூட்டரின் சீட்டில் என் மகள் பவித்ரா உட்கார்ந்திருந்தாள். யூகேஜி. வங்கி லாக்கர்போல வாயை மூடியிருந்தாள்.

விஷயம் இதுதான். அந்த இயந்திரத்தின் இரும்புக் கை மண்ணை அள்ளிக்கொண்டு மேலே போகும்போது பவியின் வாய் தானாகத் திறக்கும். அந்த நொடியில் உருண்டையை உள்ளே தள்ளிவிட வேண்டும். கை கீழே இறங்கினால் வாயும் மூடிவிடும்.

“ரெண்டு மூணு வாய்தான்பா. இன்னொரு வாட்டி தூக்கேன்.”

“அள்றதுக்கு மண்ணே இல்ல சார். எல்லாம் அள்ளியாச்சு.”

“சும்மா தூக்குப்பா. கொழந்தைக்கு இன்னா தெரியப்போவுது?”

தூக்கினார். வெறும் இரும்புக் கை வானத்தை நோக்கிப் போனது. பவி அண்ணாந்து பார்த்தாள்.

“மண்ணு இல்ல,” என்றாள்.

அதைச் சொல்வதற்காக வாயைத் திறந்தாளே, அந்த இடைவெளியில் தள்ளிவிட்டேன்.

பின்னால் ஐயம்பேட்டைக்குப் போகும் ஷேர் ஆட்டோ ஒன்று வழி கேட்டு ஹாரன் அடித்தது. உள்ளேயிருந்த ஒரு அம்மாள் தலையை நீட்டி நிலைமையைப் பார்த்துவிட்டு ஆட்டோக்காரரை அதட்டினார். “இருப்பா! கொழந்தை சாப்டுக்கினு இருக்குது, கண்ணு தெரியல?” ஹாரன் நின்றது. அரசு வேலை, பொதுப் போக்குவரத்து எல்லாம் என் மகளின் தயிர்சாதத்துக்காகக் காத்திருந்தன.

டீசல், ஈர மண், சாக்கடை, என் விரல்களில் புளித்த தயிர். அந்தச் சாயங்காலத்தின் வாசனை இதுதான். கிண்ணம் காலியானபோது நான் ஒரு பெரிய ஆளாக உணர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிண்ணக்காரன் யார்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் முரளி. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் விற்பனையாளன். போன வாரம் எங்கள் முதலாளி தலைக்கு அடிக்கும் சாயத்தைப் பற்றி எழுதினேன். அவர் படித்துவிட்டார். ஆகவே இந்த வாரம் பத்திரமாக என் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறேன்.

என் மனைவி கலாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. கம்பெனி பஸ் வந்து அவளை அள்ளிக்கொண்டு போகும், பிறகு கொண்டுவந்து கொட்டும். அவளுக்கு மதிய ஷிஃப்ட் வரும் வாரங்களில் நான் முதலாளியிடம் கெஞ்சிச் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். பவிக்கு இரவுச் சாப்பாடு என் பொறுப்பு.

பவி சாப்பிடும் பொருள்கள் அப்போது இவை: தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பெட்டிக்கடையில் தொங்கும் மஞ்சள் பாக்கெட் சிப்ஸ், க்ரீம் பிஸ்கட்டில் க்ரீம் மட்டும். பிஸ்கட்டை நக்கிவிட்டு என் சட்டைப் பையில் போட்டுவிடுவாள். கடையில் கல்யாணப் புடவை விரிக்கும்போது என் பையிலிருந்து ஈர பிஸ்கட் விழுந்த கதையை முதலாளி மனநிலை சரியானதும் எழுதுகிறேன்.

காய் என்று எது தட்டில் வந்தாலும் அவளுக்குக் குமட்டும். பச்சையாக இருந்தால் பார்த்தவுடனே. பழுப்பாக இருந்தால் கொஞ்சம் யோசித்துவிட்டு.

முதலில் போனைக் காட்டி ஊட்டினோம். அதில் ஒரு யானை பாடும். யானை பாடப் பாட இவள் எதைத் தின்கிறோம் என்று தெரியாமலே தின்பாள். பிறகு யானை அலுத்துவிட்டது. தெருவில் இறங்கினோம். மாடு, தேர் நிறுத்தும் கொட்டகை, பஸ், கடைசியில் பொக்லைன்.

நாங்கள் மட்டும் யோக்கியமா

“எங்கள் காலத்தில் கீரையும் கம்பும் தின்று திடமாக வளர்ந்தோம்” என்று யாராவது ஆரம்பித்தால் நான் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன். நான் மூன்றாம் வகுப்பு முடிக்கும்வரை சாதத்தில் சர்க்கரை போட்டுத் தின்றவன். என் தம்பி பல்பம் தின்றான். எங்கள் அம்மா எங்களை ஆரோக்கியமாக வளர்க்கவில்லை. நாங்கள் சாகாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்பாவின் முறை இன்னும் எளிது. “சாப்டலன்னா போலீஸ் வரும்.” ஒருநாள் அவருடைய நண்பரான ஏட்டு ஒருவர் நிஜமாகவே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பயத்தில் அவர் எதிரிலேயே இரண்டு தட்டு சோற்றை விழுங்கினேன். அவர், “பையன் நல்லா சாப்படறானே” என்று பாராட்டிவிட்டுப் போனார். காக்கிச் சட்டையைப் பார்த்தால் எனக்கு இன்றும் லேசாகப் பசிக்கும்.

ஆகவே பரம்பரை ஞானம் எதுவும் என்னிடம் கிடையாது. இருந்தது கடையில் கிடைத்த இலவச ஆலோசனைதான். பீட்ரூட்டை அரைத்துத் தோசை மாவில் கலக்கச் சொன்னார்கள். கலந்தேன். பவி அந்தத் தோசையைப் பார்த்து, “இதுக்கு அடிபட்டுடுச்சா?” என்று கேட்டாள். கேரட்டை மீனாக வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். அந்த மீன் இரண்டு நாள் குளியலறை வாளியில் நீந்தியது.

கேரட் வேஷம்

பள்ளிக்கூடத்தில் ‘ஆரோக்கிய உணவு தினம்’ என்று ஒன்று வைத்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒரு காயாக வரவேண்டும். பவிக்குக் கேரட். கலா ஷிஃப்ட் முடிந்து வந்து, தூக்கக் கண்ணோடு, ஆரஞ்சுத் துணி வாங்கித் தைத்தாள். தலையில் பச்சைக் காகிதக் கொத்து.

மேடையேறிய பவி மைக்கைப் பிடித்து, “நான்தான் கேரட். என்னைத் தினமும் சாப்பிட்டால் கண் நன்றாகத் தெரியும்” என்று தெளிவாகச் சொன்னாள். கைதட்டல். கலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் முறைக்கு நானும் துடைத்துக்கொண்டேன்.

கீழே இறங்கியவுடன் நன்றாகப் பேசிய காய்கறிகளுக்கெல்லாம் பரிசு கொடுத்தார்கள். க்ரீம் பிஸ்கட். கேரட், கத்திரிக்காய், வெண்டைக்காய் மூன்றும் சுவரோரம் உட்கார்ந்து க்ரீமை நக்கிக்கொண்டிருந்த காட்சியை நான் போனில் எடுத்து வைத்திருக்கிறேன்.

நடை சாத்தியது

இதுவரைக்கும் எல்லாம் சிரிப்புதான். பிறகு ஒரு வாரம் சிரிப்பு நின்றது.

பவிக்கு வெளிக்குப் போகவில்லை. ஒருநாள் போகவில்லை, மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. எங்கள் ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு கோயில் உண்டு, எல்லாவற்றுக்கும் நடை திறக்கும் நேரம் சாத்தும் நேரம் உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் நடை சாத்தியது சாத்தியதுதான்.

எதிர்வீட்டில் சரோஜாம்மா இருக்கிறார். தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல். தினமும் காலையில் தெருவுக்குக் குறுக்கே கேட்பார்: “ஏமி முரளி, ஆச்சா?”

“இல்லம்மா.”

“விளக்கெண்ண குடுப்பா!”

தண்ணீர் எடுத்துப் போகிறவர்கள், பால் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் தகவல் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியாத ஒரு பெரியவர் என்னைச் சைக்கிளில் கடந்து போகும்போது, “பாப்பாவுக்கு ஆச்சா சார்?” என்றார்.

அப்புறம் ஒரு காலை, கழிவறைக்குள்ளிருந்து பவி கத்தினாள். அந்தக் கத்தலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கலா உள்ளே அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். “வேணாம்மா, வேணாம்மா, வலிக்குதும்மா” என்று குழந்தை அம்மாவின் நைட்டியைக் கிழிக்கிற மாதிரிப் பிடித்து இழுத்தது. வெளியே நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். கலா கதவைத் திறந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

“ரத்தம் வருதுங்க,” என்றாள்.

சரோஜாம்மா எதிர்வாசலில் நின்றிருந்தார். அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. “நீங்க போங்கப்பா, நான் வீட்ட பாத்துக்கறேன்” என்று மட்டும் சொன்னார்.

டாக்டரம்மா சொன்னது

குழந்தை டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. பவியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மலம் கல்லாகிப் போனதால் வாசலில் கீறல் விழுந்திருக்கிறது, பயப்பட வேண்டியதில்லை என்றார். சிரப் எழுதினார். அதைச் சில மாதங்கள் விடாமல் கொடுக்க வேண்டும், போகிறதே என்று நடுவில் நிறுத்தக்கூடாது என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சாப்பாடு எப்படி?”

பெருமையாகச் சொன்னேன். பொக்லைன் உட்பட. சாப்பிடாத அன்றைக்கு ஈடுகட்ட மூன்று டம்ளர் பால் கொடுப்பதையும் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“சாப்பிடலைன்னு பால் குடுக்கறீங்க. பால் குடிச்ச வயிறு சோறு கேக்காது. சாப்பிடலைன்னு மறுபடி பால். எப்ப சார் அந்தப் பொண்ணுக்குப் பசிக்கும்?”

நான் மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்தேன்.

“என்ன சமைக்கணும், எப்போ, எங்க உக்காந்து சாப்பிடணும், இதெல்லாம் உங்க வேலை. எவ்ளோ சாப்பிடணும், சாப்பிடலாமா வேணாமா, அது அவ வேலை. அவ வேலையை நீங்க செய்யாதீங்க. வாயில தள்றதை இன்னையோட நிறுத்துங்க. போனும் வேணாம், தெருவும் வேணாம். நீங்க சாப்பிடறதையே அவளுக்கும் வைங்க. தொடலைன்னா விட்டுடுங்க. திரும்பத் திரும்ப வைங்க. திட்டவும் வேணாம், கெஞ்சவும் வேணாம், சாப்பிட்டா கைதட்டவும் வேணாம்.”

“அப்ப நாங்க இன்னாதான் பண்றது டாக்டர்?”

“நீங்க சாப்பிடுங்க,” என்றார்.

வரும் வழியெல்லாம் நான் புலம்பினேன். அவருக்குச் சொல்வது சுலபம், விட்டால் இவள் ஒரு வாரம்கூடப் பட்டினி கிடப்பாள், நம் குழந்தையைப் பற்றி நமக்குத் தெரியாதா, இப்படி. கலா பவியை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் கேட்டுக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது வாயைத் திறந்தாள்.

“ஏங்க, கடையில புடவை விரிச்சிப் போடறீங்க. கஸ்டமரு வேணான்னா இன்னா பண்ணுவீங்க? மூக்கப் புடிச்சி கட்டி உடுவீங்களா?”

“அது வேற, இது வேற கலா.”

“வேறதான். கஸ்டமர்கிட்ட மரியாதையா இருக்கறீங்க.”

பக்கத்தில் பைக்கில் நின்றவர் சிரித்தார். சிக்னல் விழுந்தது நல்லதாகப் போயிற்று.

அன்று ராத்திரியே டாக்டரின் சட்டத்தை அமல்படுத்தினேன். பவி, “வேணாம்” என்றாள். நான் சுவரைப் பார்த்தேன். விசிறியைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். “ஒரே ஒரு வாய்டா தங்கம்” என்று கிண்ணத்தோடு எழுந்துவிட்டேன். கலா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

உருளைக்கிழங்கு இல்லாத வீடு

எங்கள் கடையில் ஜீவேந்திரன் என்று ஒருவர். ஊருக்கு வெளியே கிராமத்தில் இருக்கும் தமிழ்ச் சமணக் குடும்பம். நயினார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சூரியன் மறைந்தால் சாப்பிட மாட்டார். கல்யாண சீசனில் கடை பொங்கி வழியும்போதும் சாயங்காலம் ஆனால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். முதலாளி பல்லைக் கடிப்பார். நயினார் மென்று தின்பார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலாவுக்கு ஓவர்டைம். “கொழந்தைய தூக்கிக்கினு எங்க ஊட்டுக்கு வாயேன், என் பொண்ணுங்களோட ஆடிக்கினு இருக்கட்டும்” என்றார் நயினார். போனோம். மதியம் பவி எதையும் தொடவில்லை. விளையாட்டு மும்முரம். நான் கையோடு கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட்டை வழியிலேயே காலி செய்திருந்தாள். நான்கு மணிக்கு மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. கிராமத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவிலிருக்கும் தரைப்பாலம் மூழ்கிவிட்டது.

“இன்னிக்கி இங்கயே படுத்துக்கோ,” என்றார் நயினார்.

வானம் கன்னங்கரேலென்று இருந்தது. சூரியன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. “இப்ப எப்பிடி நேரம் பாப்பீங்க?” என்று கேட்டேன். போனைத் தூக்கிக் காட்டினார். “ஆப்புல போட்டுருக்கான்பா.”

எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தோம். நயினார், அவர் மனைவி ராஜமதி, இரண்டு பெண்கள், நான், பவி. சோறு, ரசம், புடலங்காய்க் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், தயிர். பவி தட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

“உருளைக்கெழங்கு?”

“எங்க ஊட்ல இல்லம்மா,” என்றார் ராஜமதி.

“நாளைக்கு வாங்குவீங்களா?”

“நாளைக்கும் இல்லம்மா.”

“அப்ப எப்ப?”

“எப்பவுமே இல்லம்மா. நாங்க மண்ணுக்கு அடியில இருக்கற கெழங்கு சாப்பட மாட்டோம்.”

பெரிய பெண் விளக்கினாள். தோண்டினால் மண்ணுக்குள் இருக்கும் சின்னச் சின்ன உயிர்களெல்லாம் செத்துப்போகுமாம். பவி அதைத் தீவிரமாக யோசித்தாள்.

“அப்ப பொக்லைன்?” என்றாள்.

நயினார் ரசப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவர்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள். நான் சொல்வதைக் கவனிக்க வேண்டும்: பவி சாப்பிடுகிறாளா என்று அந்த வீட்டில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அது அவமானமாக இருந்தது. விருந்தாளிக் குழந்தை பட்டினி கிடக்கிறது, இவர்கள் பாட்டுக்கு ரசத்தை உறிஞ்சுகிறார்கள். என் கை தானாகச் சோற்றைப் பிசைந்து உருட்டி அவள் பக்கம் போனது.

“முரளி, உன் தட்டைப் பாத்து சாப்டுப்பா,” என்றார் நயினார், தலையைத் தூக்காமலே.

பவி புடலங்காய் வளையம் ஒன்றை விரலால் தள்ளினாள். “இது பாம்பா?” என்று சின்னப் பெண்ணைக் கேட்டாள். “பாம்போட மோதிரம்” என்றாள் அவள், ஒன்றை விரலில் மாட்டிக் காட்டி, கடித்துத் தின்றாள். பவியும் மாட்டிக்கொண்டாள். தின்னவில்லை. தயிரில் கொஞ்சம் சோறு நனைத்துத் தின்றாள். நாலைந்து வாய் இருக்கலாம்.

“போதுமாம்மா?” என்றார் ராஜமதி.

“போதும்.”

“சரி, கை கழுவிக்கோ.”

தட்டை எடுத்துப் போய்விட்டார். அவ்வளவுதான். ‘இன்னும் ஒரு வாய்’ கிடையாது. ‘பாரு அக்கா எப்டி சாப்படறா’ கிடையாது. அடுப்படியில் விளக்கணைந்தது. மழைச் சத்தத்தில் நான் மட்டும் பாலத்துத் தண்ணீர் எப்போது வடியும், வழியில் எந்தப் பெட்டிக்கடை திறந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல்முறை கேட்ட சொல்

விளக்கு வைத்துச் சற்று நேரம் கழித்துப் பவி விளையாட்டை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

“அப்பா, இங்க ஒரு மாதிரி இருக்குது.”

மறுபடியும் நடை பிரச்சினையா? “வலிக்குதாடா?”

“இல்ல. பசிக்குது.”

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து அவளுக்குப் பசிப்பதற்கு முன்பே ஏதாவது ஒன்று வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. பால், பிஸ்கட், க்ரீம், தயிர்சாதம், மறுபடி பால். பசி என்றால் என்னவென்று என் மகளுக்கு நாங்கள் தெரியவிட்டதே இல்லை. வயிற்றில் ஏதோ ஒரு மாதிரி இருக்கிறது என்று அவள் வியாதியைச் சொல்வதுபோலச் சொல்கிறாள்.

ராஜமதியிடம் தயங்கித் தயங்கிப் போனேன். “அண்ணி, உங்க ஊட்டு வழக்கம் தெரியும். ஆனா கொழந்தை...”

“அட, அதெல்லாம் பெரியவங்களுக்கு தம்பி. கொழந்தைங்க கேட்டா குடுப்போம்” என்று சிரித்தார். ஒரு தட்டில் இரண்டு வாழைப்பழமும் நறுக்கிய கொய்யாவும் வைத்துப் பவியின் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நானும் எழுந்து வாசலுக்குப் போய் மழையைப் பார்ப்பதுபோல நின்றேன்.

கண்ணாடி ஜன்னலில் உள்ளே தெரிந்தது. பவி தட்டைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. பழத்தைத் தானே உரித்தாள், பாதித் தோல் கிழிந்து, பாதி நசுங்கி. தின்றாள். இன்னொன்றையும் உரித்தாள். பிறகு கொய்யாத் துண்டை முகர்ந்து, முன்பல்லால் எலிபோலக் கொறித்து, முகத்தைச் சுளித்து, மறுபடி கொறித்தாள்.

நான் உள்ளே ஓடிப்போய்த் தூக்கிக் கொஞ்சாமல் இருப்பதற்காகத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நிஜமாகவே கட்டிப் பிடித்துக்கொண்டேன். நயினார் பார்த்துவிட்டு, “இன்னாப்பா, மழைக்கி பயமா?” என்றார்.

‘சரி’

மறுநாள் கலாவிடம், “பசிக்குதுன்னு சொன்னா கலா!” என்று வாசலிலேயே கத்தினேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீடும் மாறியது. ஒரே நாளில் இல்லை. பால் காலையில் ஒருவேளை என்றானது. பிஸ்கட்டும் சிப்ஸும் வாங்குவதைக் குறைத்தோம். வீட்டில் இருந்தால்தானே கேட்பாள்? உறவினர் வீடுகளில் கொடுத்தால் தின்னட்டும் என்று விட்டோம். விளக்கு வைத்தவுடன் சாப்பாடு, தரையில், எல்லோருக்கும் ஒரே சமையல். கலாவுக்கு மதிய ஷிஃப்ட் இருந்தால் நானும் பவியும் மட்டும். தட்டில் அவளுக்குப் பிடித்தது ஏதாவது ஒன்று இருக்கும், பிடிக்காத காயும் கொஞ்சமாக இருக்கும். போன் பீரோவுக்குள்.

பவி, “வேணாம்” என்பாள்.

“சரி,” என்பேன்.

என்னைப் போன்ற ஆளுக்கு இந்த ஒரு சொல் எவ்வளவு கஷ்டம் தெரியுமா? வாய் ‘சரி’ என்று சொல்லும், கை கிண்ணத்தைத் தேடும். சரோஜாம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “கொழந்தைய ஏம்பா இப்டி அநாத மாதிரி தானா சாப்பட உட்டுட்ட?” என்று சண்டைக்கு வந்தார். கலாதான் அவரை உட்காரவைத்து ஒரு தட்டு வைத்தாள். அவரும் எங்களோடு சாப்பிட்டார். சாப்பிடும்போது பேசியது போதாதென்று சாப்பிட்ட பிறகும் பேசினார். பவிக்கு அது பாடும் யானையைவிடப் பிடித்திருந்தது.

நடுவில் சறுக்கவும் செய்தோம். திருப்புட்குழியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய், நாலு நாள் சிப்ஸும் குளிர்பானமுமாக இருந்ததில், சிரப்பையும் மறந்து, பழைய கத்தல் மறுபடி ஒரு காலையில் கேட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. “மறுபடி ஆரம்பிங்க” என்றார்.

ஆரம்பித்தோம். பல வாரங்கள் போயிருக்கும். ஒரு காலை நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கழிவறையிலிருந்து கத்தல். இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“அப்பா! வந்துடுச்சி! வலிக்கவே இல்ல!”

எதிர்வீட்டுத் தறி நின்றது. “ஆச்சா?” என்று சரோஜாம்மா.

“ஆச்சும்மா!” என்று கத்தினேன்.

தெருவில் யாரோ கைதட்டினார்கள். சட்டை கருகியது வேறு கதை.

ஓரத்தில் ஒதுக்கியது

கடைசியாக ஒரு சாப்பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். இது நடந்தது அண்மையில்தான். பவி இப்போது இரண்டாம் வகுப்பு.

அன்றைக்குக் கலாவும் வீட்டில் இருந்தாள். சாம்பார், அப்பளம், கொத்தவரங்காய்ப் பொரியல். பவி கொத்தவரங்காயைச் சோற்றோடு பிசைந்து, ஒன்றும் விசேஷமில்லாததுபோல, பள்ளிக்கூடத்தில் யாரோ யாரையோ கிள்ளிய கதையைச் சொல்லிக்கொண்டே தின்றாள். நானும் ஒன்றும் விசேஷமில்லாததுபோல முகத்தை வைத்திருந்தேன். கலா என் தொடையில் கிள்ளியதால் அது சாத்தியமாயிற்று.

திடீரென்று கதை நின்றது. பவி என் தட்டைப் பார்த்தாள்.

“அப்பா, இன்னாது அது?”

“எது?”

“ஓரமா ஒதுக்கி வெச்சிருக்கியே.”

கலா மெதுவாகத் தலையைத் திருப்பி என் தட்டைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகியும் அவள் இதைக் கவனித்ததில்லை. நான் கொத்தவரங்காயை வாழ்க்கையில் தின்றதில்லை. கசக்கும், நாராக இருக்கும், மெல்ல மெல்லப் பெருகும். அப்பளத்தின் அடியில் தள்ளிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக எழுந்துவிடுவது என் வழக்கம்.

“சாப்படப் போறேன்டா. கடைசியா சாப்படலாம்னு வெச்சிருக்கறேன்.”

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். நான் அப்பளத்தைப் பார்த்தேன். அப்பளம் நொறுங்கிப் போயிருந்தது. பவி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குனிந்து, ரகசியம்போலச் சொன்னாள்.

“புடிக்கலன்னா உட்ருப்பா. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க.”

சொல்லிவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பி, கிள்ளிய கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றேன். நாராகத்தான் இருந்தது. விழுங்கினேன்.